அகச்சிவப்பு பிலிமும் சரோஜம் அம்மாளின் நெற்றியும்

நிகழ்ச்சியைச் சொல்லுமுன், அது நடந்த காலத்தில் என் நிலை என்ன என்பதைப் பதிவு செய்வது முறை. இயற்பியலில் பட்டம் பெற்று, அரசுத் துறையொன்றின் ஒளிப்படப் பிரிவில் முப்பத்தோராண்டு பணியாற்றி, அதன் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். என் கையால் கழுவிய பிலிம் பாழாயிற்று என்று எந்தக் கோப்பிலும் ஒரு வரி கிடையாது. கோப்புகளை எழுதியவரும் நீங்கள்தானே என்று உங்களில் யாரோ முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. கேட்கட்டும். கருப்பு வெள்ளை அகச்சிவப்பு பிலிமை முறையாகக் கையாளத் தெரிந்தவர் யார் என்று விசாரித்தால், ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரை என் பெயரைத்தான் சொன்னார்கள். இந்த மாவட்டத்தில் வேறு யாரும் அந்த வம்பில் இறங்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் சொன்னார்கள்.

பிலிம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அண்மையில் நம் ஒளிப்பட வட்டத்தில் சேர்ந்திருக்கும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், அகச்சிவப்புச் சுருளைத் தக்கலைப் பேருந்து நிலையத்தில் நட்டநடுப்பகலில் மாற்றிவிட்டு, படம் முழுவதும் புகை மண்டியிருப்பதைக் 'கலை' என்று எனக்கு விளக்கினார். அது கலை அல்ல. அந்தப் பிலிமை முழு இருட்டில்தான் மாற்ற வேண்டும். அது நம் கண்ணுக்கு எட்டாத ஒளியைக் காண்பது. பச்சை இலை அதற்கு மல்லிகைப்பூவைப் போல வெள்ளை. வானமும் குளத்து நீரும் கருப்பு. மனிதத் தோல் பால் நிறம். கண்ணுக்குக் கருப்பாகவே தோன்றும் சிவப்பு ஃபில்டர் ஒன்றை லென்ஸின் முன்னால் பூட்டி, குவியத்தைச் சற்று நகர்த்தி, ஒளிமானி சொல்வதைப் பாதி மட்டும் நம்பி எடுக்க வேண்டும். எஞ்சியவை புத்தகங்களில் இருக்கின்றன. வாங்கிப் படியுங்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்றை மட்டும் நான் சொல்கிறேன்.

தக்கலையில் பெயிண்டும் இரும்புச் சாமானும் விற்கும் கடை வைத்திருந்தவர் தங்கப்பன். என்னுடன் ஒரே வகுப்பில் படித்தவர். ஆகவே அவர் என்னை 'ஓய்' என்று அழைப்பதை நான் பொறுத்துவந்தேன். கடையை மருமகனிடம் ஒப்படைத்த பிறகு அவருக்குப் பொழுது நிறைய இருந்தது. நாகர்கோவிலில் நடந்த ஒரு கண்காட்சியில் என் திற்பரப்பு அருவிப் படத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஓய், அந்தத் திற்பரப்புப் படம் நீராக்கும் எடுத்தது?"

"ஆம். நான்தான்."

"மரமெல்லாம் வெள்ளையடிச்ச மாதிரி நிக்குதே. எந்தக் கம்பெனி பெயிண்டு?"

அகச்சிவப்புக் கதிர்களைப் பற்றி அவருக்குச் சுருக்கமாக விளக்கினேன். இருபது நிமிடங்களுக்குள் முடித்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதுவே எனக்கு ஐயத்தை உண்டாக்கியிருக்க வேண்டும். தங்கப்பன் எதையும் பொறுமையாகக் கேட்பவர் அல்லர்.

"செரி. எனக்க தோப்புல, எனக்க தென்னைக்கெல்லாம் நடுவுல, நானும் சரோஜமும் இருக்கிய மாதிரி ஒரு படம் அப்பிடி எடுத்துத் தாரும். ரெண்டு வாரத்துக்குள்ள வேணும்."

"எதற்கு இத்தனை அவசரம்?"

"நெஞ்சுல மூணு இடத்துல அடைப்பாம். திருவனந்தபுரத்துல வச்சு அறுத்துத் தைக்கப் போறாவ. அடுத்த வாரம் கழிஞ்சு வாற திங்கக்கெழம கொண்டு சேக்கணும். இதுக்க மேல ஒரு நாளு தள்ளப்படாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு." மேசைமேல் இருந்த என் கேமராவை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். "நான் திரும்பி வந்தா படத்த நான் சுவத்துல மாட்டுதேன். வரல்லேன்னா அவ மாட்டட்டும்."

கதிர்களை விட்டுவிட்டு, நாள்காட்டியில் அந்தத் திங்கட்கிழமையைக் குறித்துக்கொண்டேன்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு சுருள். அது வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டிய சரக்கு. இன்னொன்று வந்துசேரப் பல வாரங்கள் ஆகும். ஆகவே ஒரு பிழைக்கும் இடம் கொடுக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் முன்னதாகவே தோப்புக்குச் சென்று வெயில் விழும் திசையைக் குறித்துக்கொண்டேன். அவர் மனைவி சரோஜம் அம்மாளின் சேலைகளையும் எடுத்துவரச் சொன்னேன். துணிச்சாயங்கள் இந்தப் பிலிமில் ஆளை ஏமாற்றும். முன்பொரு வழக்கறிஞர் கருப்புக் கோட்டுடன் கம்பீரமாக நின்று எடுத்துக்கொண்ட படத்தில், பால் வியாபாரியைப் போல வெளுத்து வந்திருந்தார். அந்தப் பாடம் எனக்கு நினைவிருந்தது. ஆறு சேலைகளை வெயிலில் விரித்து, ஒவ்வொன்றாக ஆராய்ந்தேன்.

சரோஜம் அம்மாள் தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சாரே, என்னப் பெண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு பாக்கல்ல."

ஐந்தாவது சேலையைத் தேர்ந்தெடுத்தேன்.

படம் எடுத்த நாளன்று அவர் அந்தச் சேலையில் வந்தார். நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்.

"பொட்டு இது போதுமா சாரே? மண்டைக்காட்டு அம்மைக்க கோயில் குங்குமமாக்கும். ஆப்பரேசனுக்குன்னு நேந்து கொண்டுவந்தது."

"அது தங்கள் விருப்பம், அம்மா. ஏனையவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

இந்த விடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் ஒளிப்பட வாழ்க்கையில் நான் சொன்ன மிக மரியாதையான விடை அது. மிக மூடத்தனமானதும் அதுவே.

இருவரையும் இரண்டு நாற்காலிகளில் அமர்த்தி, டிரைபாடில் கேமராவைப் பூட்டி, ஒளியளவை மாற்றி மாற்றி ஏழு முறை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவர்கள் அசையாமல் மூச்சடக்கி இருக்க வேண்டும். சரோஜம் அம்மாளுக்கு மூன்றாம் முறையே சிரிப்பு வந்துவிட்டது.

"பச்சையா நிக்கிய மரத்த வெள்ளையாக்கதுக்கு இவ்வளவு பாடா? ஒரு வாளி சுண்ணாம்பு கலக்கினா போதுமே."

"ஏட்டி, சும்மா இரி. அவரு பெரிய ஆளாக்கும்" என்றார் தங்கப்பன். அந்தக் குரலில் மரியாதை எவ்வளவு இருந்தது என்பதை நான் அளக்க முயலவில்லை.

அன்று மாலையே கழுவினேன். பிளாஸ்டிக் தொட்டியை நம்பாமல் எஃகுத் தொட்டியை எடுத்தேன். குளியலறையில் வெந்நீர்க் கருவியின் மிளகளவு சிவப்பு விளக்கைக்கூட அணைத்துவிட்டுத்தான் சுருளைப் பிரித்தேன். நான்காவது படம் மிக நேர்த்தியாக வந்திருந்தது. பிரிண்ட் போட்டு உலர்த்தி, பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தேன். தென்னை ஓலைகள் ஒவ்வொன்றும் வெள்ளியில் கீறியவை போல இருந்தன. பின்னால் இருந்த குளம் மை போலக் கருத்திருந்தது. ஓலை ஓலையாக ஏறத்தாழ ஒரு மணி நேரம் பார்த்தேன். நாற்காலியில் இருந்த இருவரையும் எத்தனை நேரம் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பிரிண்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலைப் பயணத்துக்கான பை கூடத்தில் தயாராக இருந்தது. தங்கப்பனின் அக்காள் செல்லம்மை அம்மாளும் குளச்சலிலிருந்து வந்திருந்தார். தம்பியை வழியனுப்ப வந்தவர். நான் உறையைத் திறந்து, பாராட்டை ஏற்பதற்கு உரிய முகத்துடன், படத்தை மேசைமேல் வைத்தேன்.

முதலில் எடுத்துப் பார்த்தவர் செல்லம்மை அம்மாள். வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணருகே கொண்டுபோனார். பிறகு படத்தை அல்லாமல் தம்பி மனைவியைப் பார்த்தார்.

"ஏட்டி சரோஜம், பொட்டில்லாமலா இருந்த?"

"வச்சிருந்தேனே மைனி."

"எங்க வச்ச? இந்தா பாரு. தொடச்சுக் கழுவுன கிண்ணம் மாதிரி இருக்கு நெத்தி. எனக்க தம்பி நெஞ்சறுக்கப் போற நேரத்துலயாட்டி நீ பொட்ட அழிச்சிட்டுப் போயி இருக்கது?"

அப்போதுதான் நான் பார்த்தேன். உண்மை. தோல் பால் போல வெளுத்திருந்தது. குங்குமமும் அதே அளவுக்கு வெளுத்து, இருந்த சுவடே தெரியாமல் மறைந்திருந்தது. வழக்கறிஞரின் கோட்டை நினைவில் வைத்திருந்தவன், ஆறு சேலைகளை ஆராய்ந்தவன், சிவப்பு நிறம் சிவப்பு ஃபில்டரின் வழியே என்ன ஆகும் என்று ஒரு கணமும் எண்ணவில்லை. அதை அந்த அம்மாள் வாய்விட்டுக் கேட்ட பிறகும் எண்ணவில்லை.

"இது ஓர் இயற்பியல் விளைவு" என்று தொடங்கினேன். "குங்குமமும் மனிதத் தோலும் அகச்சிவப்புக் கதிர்களை ஏறத்தாழ ஒரே விகிதத்தில் திருப்பி அனுப்புவதால்..."

"ஓய், நிறுத்தும்" என்றார் தங்கப்பன். "ரேடியோவுல செய்தி வாசிக்கிய நேரமா இது?"

சரோஜம் அம்மாள் கூடத்தில் இருந்த பையின் அருகே போய் அமர்ந்தார். பையைத் திறந்தார். அடுக்கியிருந்த வேட்டியை எடுத்து வெளியே வைத்தார். அதன்மேல் உடல் துடைக்கும் துவர்த்தை வைத்தார். அதன்மேல் மருத்துவமனைக் காகிதங்களை வைத்தார்.

"ஏட்டி, என்ன செய்யுக?"

"நாளைக்குப் போவாண்டாம்."

"டாக்டர் சொன்னது கேட்டேல்லா? இனி தள்ளப்படாது."

"மண்டைக்காட்டு அம்மைக்க குங்குமமே நிக்கல்ல. நான் போவ விடமாட்டேன். வேற நாளு பாத்துப் போவோம்."

செல்லம்மை அம்மாளும் தலையசைத்தார். தங்கப்பன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அது வலியா, சலிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவர் தள்ளக்கூடாது என்று சொன்ன ஓர் அறுவை மருத்துவம், என் படத்தால் தள்ளப்படும் நிலையில் இருந்தது.

இளையவர்களே, இத்தகைய நேரத்தில் நம் தொழிலில் ஒரு வசதி உண்டு. காகிதம் பழையது என்று சொல்லலாம். பிலிம் கழுவும் மருந்து கெட்டுவிட்டது என்று சொல்லலாம். அவற்றை மறுத்துப் பேச அங்கே யாருக்கும் தெரியாது. நானும் வாயைத் திறந்தேன். ஆனால் பையின் அருகே அமர்ந்திருந்தவர் குற்றம் சாட்டப்பட்டவராக அமர்ந்திருந்தார். காகிதத்தின்மேல் பழியைப் போட்டால் செல்லம்மை அம்மாள் அதை நம்பமாட்டார். பழி அந்த அம்மாளின் தலையிலேயே நிற்கும்.

"அம்மா, தாங்கள் குங்குமம் வைத்திருந்தீர்கள். நான் பார்த்தேன். இது போதுமா என்று என்னிடம் கேட்கவும் செய்தீர்கள். நான் சிந்திக்காமல் விடை சொன்னேன். தவறு என்னுடையது" என்றேன்.

முப்பத்தோராண்டுப் பணியிலும் அதன் பிறகான ஓய்விலும் அந்தக் கடைசி இரண்டு சொற்களையும் நான் சேர்த்துச் சொன்னது அதுவே முதல் முறை.

"அப்பிடி வாரும் வழிக்கு" என்றார் செல்லம்மை அம்மாள். ஆனாலும் அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

என் பையில் சாதாரணச் சிவப்பு ஃபில்டர் ஒன்று எப்போதும் இருக்கும். அதை எடுத்து அவர் கையில் கொடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து, சன்னலருகே வைத்துத் தம்பி மனைவியைப் பார்க்கச் சொன்னேன். சரோஜம் அம்மாளின் நெற்றியில் அன்றும் அதே குங்குமம் இருந்தது.

செல்லம்மை அம்மாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "யம்மோ! பொட்டக் காணல்ல!" ஃபில்டர் கண்ணாடியை விலக்கினார். "இந்தா இருக்கு!" மறுபடி வைத்தார். "காணல்ல!" எடுத்தார். "இருக்கு!"

இதை அவர் எட்டு முறை செய்திருப்பார். பிறகு கண்ணாடியோடு வீடெங்கும் போய், நாள்காட்டியிலிருந்த சிவப்பு எழுத்துகளையும், மிளகாய் வற்றலையும், என்னையும் பார்த்தார். என்னில் எதுவும் மறையவில்லை என்பதில் அவருக்கு ஏமாற்றம்.

"ஏட்டி, நீ வச்சிருந்த. செரிதான். நான் வெறுதே ஏசிட்டேன்" என்று சரோஜம் அம்மாளின் தோளைத் தொட்டார்.

பழி நீங்கிற்று. ஆனால் வேட்டியும் துவர்த்தும் வெளியேதான் இருந்தன.

"கண்ணாடி சொல்லுகது செரி மைனி" என்றார் சரோஜம் அம்மாள். "ஆனா படத்துல இல்லியே. இவரு அங்க கெடக்கும்போ நான் இங்க இதப் பாத்துட்டு இருக்கணுமா?"

அதற்கும் என்னிடம் வழி இருந்தது. பிரிண்டில் விழும் தூசிப் புள்ளிகளை மறைக்க, நுனி மெல்லிய தூரிகை ஒன்றும் கருப்பு மையும் நான் கொண்டுபோவது வழக்கம். கருப்பு வெள்ளைப் படத்தில் குங்குமம் கருத்துத்தான் தெரியும் என்று எல்லோருக்கும் பழக்கம். இரண்டே நிமிடங்களில் அசல் பொட்டு என்று யாரும் நம்பும்படி வைத்துவிடுவேன். தூரிகையை எடுத்து நீரில் தோய்த்தேன்.

சரோஜம் அம்மாள் படத்தை வெடுக்கென்று எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"என்ன ஓய் செய்யப் போறீரு?" என்றார் செல்லம்மை அம்மாள். "அடுத்த வீட்டு ஆம்பள, அவளுக்க நெத்தியில பொட்டு வைக்கதா?"

"அம்மா, இது வெறும் காகிதம்..."

"காயிதமானா என்ன? நெத்தி அவளுக்கதானே?"

இதற்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. தூரிகையோடு நின்றேன். நுனியிலிருந்து ஒரு சொட்டு நீர் என் செருப்பில்லாத காலில் விழுந்தது.

தங்கப்பன் எழுந்து வந்தார். "இஞ்ச கொண்டாரும் அத."

"தங்கப்பா, இது மிக நுட்பமான வேலை. மையை நுனியில் மட்டும் தொட்டு, ஒரு தாளில் ஒற்றி, ஈரத்தைக் குறைத்து, மெல்ல மெல்ல..."

"ஆயுசு பூரா பெயிண்டு வித்தவனுக்குப் பிரஷு பிடிக்கப் படிப்பிச்சுத் தாறீரா?"

படத்தை மனைவியின் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார். தூரிகையை மையில் முழுவதும் முக்கினார். கதவுக்குப் பெயிண்ட் அடிப்பவரைப் போல முக்கினார். நான் கண்ணை மூடிக்கொள்ள விரும்பினேன். அவர் கை நடுங்கிற்று. இடக்கையால் வலக்கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஒரே ஒற்று. மை காகிதத்தில் இறங்கிவிட்டது. இனி எடுக்க முடியாது.

பொட்டு தேவைக்கு மேல் பெரிதாக இருந்தது. நடுவிலிருந்து விலகி, இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதைச் சுட்டிக்காட்ட வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். அன்று நான் செய்த இரண்டாவது நல்ல காரியம் அது.

சரோஜம் அம்மாள் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"கல்யாணத்தண்ணைக்கும் இப்பிடித்தான் கோணலா வச்சீங்க."

"அண்ணைக்குக் கை நடுங்கிச்சு."

"இண்ணைக்கு?"

"இண்ணைக்கும்தான்."

சரோஜம் அம்மாள் சிரித்தார். சிரிப்பின் நடுவே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மை காயட்டும். யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பையின் அருகே போனார். காகிதங்களை அடியில் வைத்தார். வேட்டியையும் துவர்த்தையும் மேலே அடுக்கினார். "மைனி, அந்தப் பிளாஸ்கை எடுத்துத் தாங்க. காலத்த எழும்பிப் போற அவசரத்துல மறந்துருவேன்" என்றார்.

மறுநாள் குறித்த நேரத்தில் புறப்பட்டார்கள். அறுவை மருத்துவம் குறித்த நாளில் நடந்தது. தங்கப்பன் திரும்பி வந்தார். இப்போது தினமும் கடைக்கு வந்து, மருமகனுக்கு வியாபாரம் தெரியவில்லை என்று நிரூபித்துக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகு இந்தப் பிலிமில் பெண்களை எடுக்க நேரும்போதெல்லாம், விளக்குக் கரியில் கூட்டிய கண்மையால் பொட்டு வைத்துவரச் சொல்கிறேன். கரி இந்தப் பிலிமிலும் கருப்பாகவே நிற்கும். இதை நீங்களும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அதைவிடவும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க வந்தவர் ஏதேனும் கேட்டால், அவர் கேட்பது அவருக்கு முக்கியமானது என்பதால்தான் கேட்கிறார். சேலையைப் பற்றி அந்த அம்மாள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான்தான் ஆறு சேலைகளைப் பார்த்தேன்.

படத்தைத் தங்கப்பன் வீட்டில் மாட்டவில்லை. நாலு பேர் பார்க்கட்டும் என்று கடையில் மாட்டிவிட்டார். ஆகவே பெயிண்ட் வாங்கப் போகும் உங்களில் பலரும் அதைப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்ததோடு நில்லாமல் கருத்தும் சொல்லியிருக்கிறீர்கள். பொட்டைக் கணினியில் வைத்து ஒட்டினேன் என்கிறார் ஒருவர். நான் கணினியைத் தொட்டதில்லை. வேறு ஒருநாள் மீண்டும் எடுத்தேன் என்கிறார் இன்னொருவர். எடுக்கவில்லை. என்னிடம் பிலிம் இல்லை. சாருக்கு வயதாகிவிட்டது, கை போய்விட்டது, ஒரு பொட்டை நேராக வைக்க முடியவில்லை என்று நம் வட்டத்தின் கைபேசிக் குழுவில் மூன்றாமவர் எழுதி, அதற்குப் பதினொரு பேர் கைதட்டியிருக்கிறீர்கள்.

பொட்டு மறைந்தது என் பிழை. அது கோணலாக இருப்பது என் பிழை அன்று. அந்தப் பொட்டை நான் வைக்கவில்லை. தங்கப்பன் வைத்தார்.